பத்து மெகா ஓம் ஜெரிஷ்

உலகத்தில் இதுவரை நடந்த போர்கள், விவாகரத்துகள், திருச்சபைப் பிளவுகள் எல்லாவற்றுக்கும் மூலகாரணம் அகத்தடைக் குறைவுதான் என்று ஜெரிஷ் அறிவித்தான். அறிவித்த இடம் எங்கள் பொறியியல் கல்லூரிக் கேன்டீன். கையில் பாதி தின்ற பழம்பொரி இருந்தது. முகத்தில் சிரிப்பு இல்லை. சபைப் பிளவு வரைக்கும் வந்துவிட்டபடியால் நாங்களும் சிரிக்கவில்லை. எங்கள் மாவட்டத்தில் அது விளையாட்டுக் காரியம் அல்ல.

மின்னியல் படிக்காத பாக்கியவான்களுக்காக ஒரு வார்த்தை. ஒரு சர்க்யூட்டில் எவ்வளவு வோல்ட் இருக்கிறது என்று பார்க்க மீட்டரைக் கொண்டு வைக்கிறோம். வைத்த மீட்டர் சும்மா இருக்காது; தன் பங்குக்குக் கொஞ்சம் கரண்டை எடுத்துக்கொள்ளும். மீட்டரின் உள்ளே இருக்கிற தடைதான் அகத்தடை, இன்டர்னல் ரெசிஸ்டன்ஸ்; ஓம் கணக்கில் அளப்பது. அகத்தடை அதிகமான மீட்டர் பெயருக்கு ஒரு துளி எடுக்கும். தன்னை ஒருவர் அளந்தார் என்பதே சர்க்யூட்டுக்குத் தெரியாது. அகத்தடை குறைந்த மீட்டரோ மடமடவென்று குடித்துவிட்டு, குடித்தது போக மிச்சத்தைக் காட்டி, இதுதான் உன் வோல்டேஜ் என்று சொல்லும். இதற்கு லோடிங் என்று பெயர்.

"மனுசனும் அப்படித்தான் மக்கா," என்றான் ஜெரிஷ். "பொறாம பிடிச்சவன் ஒருத்திக்க அன்ப அளக்கப் போனா, அளந்து அளந்தே அதத் தீத்துருவான். என்னப் பாரு. டிஜிட்டல் மீட்டர். பத்து மெகா ஓம். ஆரு எவன்கூடப் பேசினாலும் எனக்க உள்ள ஒரு துளி ஓடாது."

இந்த உபதேசம் உண்மையில் அனிஷுக்கு. அனிஷ் எங்கள் வகுப்புத்தான். வீடு வடசேரியில், அதாவது கல்லூரிக்குக் கிழக்கே. அவனுடைய ஆள் குழித்துறையில் நர்சிங் படிக்கிறாள். அவள் வீடு மேற்கே. தினமும் சாயங்காலம் அனிஷ் மேற்கே போகிற பஸ்ஸில் ஏறி, அவள் வருகிற பஸ் ஸ்டாண்ட் வரை போய், அவள் அடுத்த பஸ்ஸில் ஏறுவதைத் தூரத்தில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பி வருவான்.

"சந்தேகம் ஒண்ணும் இல்லலே. அவ பயப்படுவா," என்றான் அனிஷ்.

"எதக் கண்டு?"

"இருட்டக் கண்டு."

"சாயங்காலம் நாலரைக்கு எங்கலே இருட்டு?"

அனிஷ் சாயாவைக் குடித்தான்.

"டிக்கெட் எடுத்து சந்தேகப்படுக ஒரே ஆளு இந்த ஜில்லாவுலயே நீதாம்லே," என்றான் ஜெரிஷ். "உனக்க இன்டர்னல் ரெசிஸ்டன்ஸ் எவ்வளவு, ரெண்டு ஓம் வருமா?"

ஜெரிஷுக்கு இப்படிப் பேசுவதற்கு ஒரு வசதி இருந்தது. அதன் பெயர் லிஜா.

எங்கள் கல்லூரியில் லேப் பார்ட்னரை நாமாகத் தேர்ந்தெடுக்க முடியாது. ரோல் நம்பர்படிதான். ஜெரிஷுக்கு அடுத்த நம்பர் லிஜா. நடுவில் கெவினோ கிருபாவோ யாராவது சேர்ந்திருந்தால் கதை வேறு, யாரும் சேரவில்லை. ஆகவே முதல் வருடத்திலிருந்து இருவரும் ஒரே மேசை. லிஜா களியக்காவிளைக்காரி. குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, முள் காட்டுகிற எண்ணைச் சொல்வாள். ஜெரிஷ் எழுதிவிட்டு "ம்" என்பான். அந்த "ம்" வந்த பிறகுதான் அடுத்த எண்ணைச் சொல்வாள். மூன்று வருடங்களாக அவர்களுக்குள் நடந்த பேச்சில் பெரும்பகுதி இதுதான். ஜெரிஷ் இதைத் தெய்வச் செயல் என்று நம்பியிருந்தான். ஆங்கில அகரவரிசையின் செயல் என்று நான் ஒருமுறை சொன்னபோது, எல்லாம் ஒன்றுதான் என்றான்.

இறுதியாண்டில் சிக்கல் வந்தது. புராஜெக்டுக்கு இரண்டிரண்டு பேர் சேர வேண்டும்; யாரோடு யார் என்பதை அவரவர் முடிவு செய்யலாம். வெள்ளிக்கிழமைக்குள் துறைத் தலைவரிடம் பெயர் கொடுக்க வேண்டும். ஆக, லிஜா முதல் முறையாக ஒருவனைத் தானாகத் தேர்ந்தெடுக்கப்போகிறாள். ஜெரிஷுக்கு அவள் வேண்டும். புராஜெக்டுக்கு மட்டுமல்ல. இது எங்கள் வகுப்பில் எல்லாருக்கும், கேன்டீன் நடத்துகிறவருக்கும் தெரியும். லிஜாவுக்குத் தெரியுமா என்பதுதான் தெரியாது.

"நேர கேளேம்லே," என்றேன்.

"கேட்டா லோடிங் வந்துரும் மக்கா. நாம கேட்டதுக்காக அவ சரின்னு சொல்லிட்டா அது உண்மையான ரீடிங் ஆகுமா? அவளாட்டு வரணும்."

இந்த இடத்தில்தான் டிஜோ வந்தான். வந்தான் என்பதும் சரியல்ல. இரண்டு வருடமாக இருந்துகொண்டுதான் இருந்தான். பாலிடெக்னிக் முடித்துவிட்டு நேராக இரண்டாம் வருடத்தில் சேர்ந்தவன். அப்படிச் சேர்ந்தவர்களுக்கு ரோல் நம்பர் கடைசியில்தான் வரும். எங்கள் வகுப்பு ஒற்றைப்படை ஆனதில் அவனுக்கு ஜோடி இல்லை. லேபில் கடைசி மேசையில் தனியாக வயர் மாட்டி, தனியாக எண் பார்த்து, தனியாக எழுதிக்கொண்டிருந்தான். ஊர் மணவாளக்குறிச்சிப் பக்கம் கடற்கரை. அப்பா மத்தியாஸுக்குச் சொந்தமாக வள்ளம் உண்டு. இவ்வளவுதான் அவனைப் பற்றி எங்களுக்குத் தெரியும்.

அவன் நேராக எங்கள் மேசைக்கு வந்து ஜெரிஷ் முன்னால் நின்றான்.

"ஜெரிஷ், ஒரு காரியம் கேக்கட்டா? தப்பாட்டு எடுக்காத."

"கேளு மக்கா."

"புராஜெக்டுக்கு லிஜாட்ட கேக்கலாம்னு இருக்கேன். இத்தன வருசமா உனக்க பார்ட்னராச்சே. அதான் உன்ட்ட ஒரு வார்த்த. உனக்கு ஒண்ணும் இல்லியே?"

நாங்கள் எல்லோரும் ஜெரிஷைப் பார்த்தோம். குறிப்பாக அனிஷ். கப்பைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தான். ஜெரிஷ் வாயிலிருந்த பழம்பொரியை முழுங்கினான். அதற்கு வழக்கத்தைவிடக் கொஞ்சம் நேரமானது.

"எனக்கென்ன மக்கா?" என்றான். "கேளு. தாராளமாட்டு கேளு. நான் தனியாட்டு பண்ணுகதாத்தான் இருக்கேன்."

"தனியாவா? என்ன டாப்பிக்?"

"அது… பெரிய டாப்பிக்காக்கும்."

டிஜோ நன்றி சொல்லிவிட்டுப் போனான். 

"பத்து மெகா ஓம்," என்றான் அனிஷ், பக்தியோடு.

அன்றைக்கு மத்தியானமே ஜெரிஷ் அனிஷைத் தனியே கூட்டிக்கொண்டு போனான். இது பொறாமை இல்லை, வெறும் தகவல் சேகரிப்பு என்று முதலில் தெளிவுபடுத்தினான். லிஜாவின் மனதில் டிஜோ பற்றி என்ன இருக்கிறது என்று, அவளுக்கே தெரியாமல், பைய அளந்துவர வேண்டும். அளக்கிற கருவி அனிஷ். ரெண்டு ஓம் என்று தானே சொன்னவனை இந்த வேலைக்கு ஏன் அனுப்பினான் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அனிஷ் லைப்ரரி வாசலில் லிஜாவை மறித்து, நானும் கேட்கும்படியாகச் சொன்னான்: "ஏட்டி லிஜா, இது ஜெரிஷ் கேக்கல, கேட்டியா. நானாட்டுத்தான் கேக்கேன். உனக்கு அந்த டிஜோவப் பிடிச்சிருக்கா?"

லிஜா திகைத்துப்போய்விட்டாள். "டிஜோவா? எந்த டிஜோ?"

"கடைசி பெஞ்சு."

"ஓ, அவனா? அவனப் பத்தி நான் நினைச்சதே இல்லியே." கொஞ்சம் யோசித்தாள். "ஏன், அவன் எதாவது சொன்னானா?"

"சே, அவன் ஒண்ணும் சொல்லல."

"பின்ன நீ எதுக்குக் கேக்க?"

"சும்ம."

இரண்டு வருடமாக ஒரே அறையில் இருந்தும் லிஜாவின் கண்ணில் படாத டிஜோ, மறுநாள் காலையிலேயே பட்டுவிட்டான். வகுப்பில் அவள் ஒருமுறை பின்னால் திரும்பிப் பார்த்தாள். சும்மா, எந்த டிஜோ என்று பார்ப்பதுபோல. அவன் எதையோ எழுதிக்கொண்டிருந்தான். பிறகு இன்னொரு முறை திரும்பினாள். அந்த இரண்டாவது முறைக்கு எந்தக் காரணமும் இல்லை என்பதை ஜெரிஷ் கவனித்தான். அவன் அன்று பாடத்தைத் தவிர எல்லாவற்றையும் கவனித்தான்.

"அவ எதுக்குலே திரும்புகா?" என்று என் காதில் கேட்டான்.

"நீ அளந்தியே மக்கா. லோடிங்."



டிஜோ கூச்சக்காரன். கேட்கப்போகிறேன் என்று அனுமதி வாங்கியவன், வியாழக்கிழமை வந்தும் லிஜாவிடம் கேட்கவில்லை. வியாழக்கிழமை எங்களுக்கு லேப். அந்த லேபின் அதிபதி வைகுண்டராஜன் சார். அவர் கணக்கில் ரீடிங் இரண்டு வகை: புத்தகத்தில் உள்ளது, தப்பு. அன்றைய சோதனை சின்னப்பிள்ளைத்தனமானது; முதல் வருடத்தில் செய்ததையே இறுதியாண்டில் மறுபடி செய்யச் சொல்லியிருந்தார். ஒரே அளவான நூறு கிலோ ஓம் ரெசிஸ்டர் இரண்டை வரிசையாக மாட்டி, பன்னிரண்டு வோல்ட் கொடுக்க வேண்டும். ஆளுக்குப் பாதி. ஆறு, ஆறு. எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டுச் சாப்பிடப் போகலாம்.

இதில் ஒரு சின்ன இடக்கு உண்டு. லேபில் முள் வைத்த பழைய வோல்ட்மீட்டர் ஒன்று கிடக்கிறது. கெழவன் என்று பெயர். கெழவனை வைத்து அளந்தால் ஆறு காட்டாது, நாலு காட்டும். கெழவன் கிடைத்த ஆள் நாலைப் பார்த்துவிட்டு ஆறு என்று எழுத வேண்டும். இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை. ஆலய ஆராதனையில் எப்போது எழும்ப வேண்டும், எப்போது இருக்க வேண்டும் என்று தெரிகிற மாதிரி, தானாகத் தெரிந்துவிடும். எங்கள் சீனியர்கள் அப்படித்தான் எழுதினார்கள். முதல் வருடத்தில் கெழவன் கிடைத்தபோது ஜெரிஷும் அப்படித்தான் எழுதினான். ஆனால் முதல் வருடத்தில் டிஜோ இங்கே இல்லை. பாலிடெக்னிக்கில் அவனுக்குக் கண்ணால் கண்டதை அப்படியே எழுதச் சொல்லிக்கொடுத்துக் கெடுத்திருந்தார்கள்.

லேப் திறந்ததும் முதல் ஆளாக ஜெரிஷ் உள்ளே போனான். கடைசி மேசையில் இருந்த டிஜிட்டல் மீட்டரை எடுத்துத் தன் மேசைக்குக் கொண்டுவந்தான். கெழவனைத் தூக்கி டிஜோவின் மேசையில் வைத்தான். தூசியைக்கூட ஊதிவிட்டான்.

"நீ ஒண்ணும் கண்டுக்கிடாத," என்றான் என்னிடம்.

நான் கண்டுகொள்ளவில்லை.

கொஞ்ச நேரத்தில் எல்லார் மேசையிலும் ஆறு வந்துவிட்டது. டிஜோ மட்டும் ஒரு ரெசிஸ்டரை அளந்தான், மற்றதை அளந்தான், வயரைப் பிடுங்கித் திரும்ப மாட்டினான், முள்ளைத் தட்டிப் பார்த்தான். வைகுண்டராஜன் சார் அவன் பின்னால் வந்து நின்றார்.

"எவ்வளவுடே?"

"நாலு சார்."

"தப்பு. அடுத்தது?"

"அதுவும் நாலு சார்."

"நாலும் நாலும்?"

"எட்டு சார்."

"சப்ளை எவ்வளவு?"

"பன்னெண்டு சார்."

"அப்ப மிச்சம் நாலு வோல்ட்ட மணவாளக்குறிச்சிக்குக் கொண்டு போயிட்டியாடே?"

வகுப்பே சிரித்தது. ஜெரிஷ் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தான். மற்றவர்கள் நிறுத்திய பிறகும் கொஞ்சம் சிரித்தான். டிஜோ காது சிவந்து நின்றான்.

லிஜா சிரிக்கவில்லை. எழுந்து கடைசி மேசைக்குப் போனாள். போகும்போது ஜெரிஷின் முன்னால் இருந்த டிஜிட்டல் மீட்டரை எடுத்துக்கொண்டு போனாள்.

"கெழவன எடு," என்றாள் டிஜோவிடம். டிஜிட்டல் மீட்டரை வைத்தாள். "அஞ்சு புள்ளி ஒன்பது ஏழு. ஆறுதான். இப்ப கெழவன வை."

"நாலு," என்றான் டிஜோ.

"கெழவன் அங்கயே இருக்கட்டும். எடுக்காத." அவள் டிஜிட்டல் மீட்டரை மற்ற ரெசிஸ்டரில் வைத்தாள். ஒரு கண்ணை மூடிக் குனிந்தாள். டிஜிட்டல் மீட்டருக்கு ஒரு கண்ணை மூட வேண்டிய அவசியமே இல்லை, பழக்கம். "ஏழு புள்ளி ஒன்பது ஏழு."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"எட்டு," என்றான் டிஜோ. "இங்க நாலு, அங்க எட்டு. பன்னெண்டு சரியாட்டு வருகு."

"காணாமப் போன வோல்ட்டு எங்கயும் போகல. இவர் வந்து இருந்ததும் அடுத்த ஆள்ட்ட போயிருக்கு."

"கெழவனுக்க உள்ளயும் ஒரு நூறு கிலோ ஓம் இருக்கு. அது இந்த ரெசிஸ்டர் பக்கத்துல வந்து ஒட்டிக்கிடுது. அதான் இது பாதியாட்டு ஆயிருக்கு."

"அப்ப நாம இவ்வளவு நேரம் ரெசிஸ்டர அளக்கல," என்றாள் லிஜா. "கெழவனத்தான் அளந்திருக்கோம்."

இதில் சிரிப்பதற்கு என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. ஆனால் இரண்டு பேரும் சிரித்தார்கள். பூட்டைத் திறக்க ரொம்ப நேரமாகத் தேடிய தாக்கோல் சட்டைப் பையிலேயே இருக்கக் கண்டவர்கள் சிரிக்கிற மாதிரி. நான் ஜெரிஷைப் பார்த்தேன். அவன் ரெசிஸ்டரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

லிஜா திரும்பினாள். "சார், எனக்கு ஒரு சந்தேகம். கெழவன வச்சா நாலுதானே வரும். பின்ன இத்தன வருசமாட்டு எல்லாரும் எப்படி ஆறுன்னு எழுதினாங்க?"

அறுபது பேர் அவரவர் செருப்பைப் பார்த்தோம். வைகுண்டராஜன் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அது ரவுண்டிங்," என்றார்.

பிறகு சார் வெளியே போனார். டிஜோவும் லிஜாவும் கெழவனின் ஒவ்வொரு ரேஞ்சிலும் உள்ளே எவ்வளவு தடை என்று பார்க்கத் தொடங்கினார்கள். அவள் குனிந்து எண் சொன்னாள், அவன் எழுதினான்.

"ரெண்டு புள்ளி அஞ்சு," என்றாள்.

"ம்," என்றான் ஜெரிஷ்.

அவன் இருந்தது ஐந்து மேசை தள்ளி. பேனா கையில், தாள் வெறுமையாக. அந்த "ம்" அவனை அறியாமல் வந்தது. என்னைத் தவிர யாருக்கும் கேட்கவில்லை. அங்கே டிஜோ எழுதி முடித்து, தலையாட்டினான். லிஜா அடுத்த எண்ணுக்குப் போனாள்.

லேப் முடிந்து எல்லோரும் பையை எடுக்கும்போது அவள் டிஜோவிடம் கேட்டது தெளிவாகக் கேட்டது. டிஜோ கேட்கவில்லை, அவள்தான் கேட்டாள்.

"நீ புராஜெக்டுக்கு ஆருகூட?"

"ஆரும் இல்ல."

"இதையே பண்ணுவமா? காலேஜுல கெடக்க மீட்டர் எல்லாத்தையும் எடுத்து, ஒவ்வொண்ணும் எவ்வளவு குடிக்குன்னு பாப்போம். எத எங்க வைக்கலாம், எத வைக்கப்பிடாதுன்னு எழுதி ஒட்டுவோம்."

"கொள்ளாம்," என்றான் டிஜோ. எங்கள் ஊரில் நன்றாயிருக்கிறது என்பதற்கு அதுதான் வார்த்தை.

எங்களைத் தாண்டிப் போகும்போது லிஜா நின்றாள். "ஜெரிஷே, நீ தனியாட்டுதான் பண்ணப்போறியாமே? அனிஷ் சொன்னான். என்னமோ பெரிய டாப்பிக்காம்."

ஜெரிஷ் வாயைத் திறந்தான். மூன்று வருடத்தில் அவன் எப்போதாவது உண்மை பேச வேண்டும் என்றிருந்தால் அது அப்போதுதான். நானும் அனிஷும் கூடவே நின்றோம். நாங்கள் நின்றதுதான் கேடாக முடிந்தது என்று நினைக்கிறேன்.

"ஆமா," என்றான். "பெருசுதான்."

"நான் வேற, நீ கேப்பன்னு நினைச்சிட்டு இருந்தேன்," என்றாள் லிஜா. கோபமாகச் சொல்லவில்லை. பஸ் வந்திருக்க வேண்டிய நேரத்தைச் சொல்வதுபோலச் சொன்னாள். "செரி, பாப்போம்."

வெள்ளிக்கிழமை பெயர்கள் போய்ச் சேர்ந்தன. தனியாகப் பெயர் கொடுத்தவன் ஒருவன்தான். தலைப்பு என்ற இடத்தில் "பிறகு" என்று எழுதியிருந்தான்.

அதற்குப் பிறகு ஜெரிஷின் அகத்தடை பற்றிய பேச்சு குறையவில்லை, கூடியது. "ஓட்ட மீட்டருக்கு ஜாதகம் எழுதுகது ஒரு புராஜெக்டா மக்கா?" என்று கேன்டீனில் கேட்பான். பதிலுக்குக் காத்திருக்காமல், "இன்னைக்கு லேப்ல ரெண்டு பேரும்தான் இருந்தாங்களா? சார் இருந்தாரா?" என்று கேட்பான். "அவன் ஊருல இருந்து மீனு கொண்டு குடுத்தானாமே. எந்த மீனு?" என்பான். எந்த மீன் என்பதில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். நெத்திலி என்றால் ஒன்றுமில்லை, விலை கூடின நெய்மீன் என்றால் காரியம் வேறு என்றான்.

"கண்ணுகடியாக்கும்," என்றான் அனிஷ்.

"கண்ணுகடியா? எனக்கா? ஏலே, பொறாம உள்ளவன் இப்படி இருந்து சாயா குடிப்பானாலே?"

அவன் முன்னால் இருந்த சாயாவில் ஆடை படிந்திருந்தது.

புராஜெக்டுக்காக லிஜாவும் டிஜோவும் தக்கலையில் மீட்டர் ரிப்பேர் பார்க்கிற கடை ஒன்றுக்குப் போக ஆரம்பித்தார்கள். ஒரே பஸ். டிஜோ தக்கலையில் இறங்கி வேறு பஸ் மாறி ஊருக்குப் போவான். லிஜா கடை வேலை முடிந்து களியக்காவிளைக்குப் போவாள். இந்த விவரங்களை எனக்குச் சொன்னவன் ஜெரிஷ். எனக்கும் வீடு தக்கலையில்தான். தினமும் அதே பஸ்ஸில்தான் போகிறேன். ஆனால் இந்த விஷயத்தில் அவனுக்கு என்னைவிட அதிகம் தெரிந்திருந்தது.

திங்கட்கிழமை சாயங்காலம் பஸ் வந்தது. நல்ல வெயில். லிஜா முன்பக்கம் ஏறி, பெண்கள் சீட்டில் ஜன்னலோரம் இருந்தாள். டிஜோ அவள் பக்கத்தில் கம்பியைப் பிடித்து நின்றான். கெழவனைத் துணியில் சுற்றி அவள் மடியில் வைத்திருந்தாள். அவன் என்னவோ சொன்னான், அவள் ஒரு கண்ணை மூடிக் காட்டினாள், அவன் சிரித்தான். நான் பின்பக்கம் ஏறினேன். கடைசிக்கு முந்தின சீட்டில் அனிஷ், வழக்கம்போல.

பஸ் கிளம்பி, பிறகு சட்டென்று நின்றது. யாரோ ஓடிவந்து பின்படியில் தொற்றினார்கள்.

ஜெரிஷ்.

அவன் வீடு சுசீந்திரம். அங்கே போக இந்தப் பஸ் உதவாது. எதிர்ப்பக்கம் நின்று நேர் எதிர்த்திசையில் போக வேண்டும். அவன் எங்கள் இருவர் முகத்தையும் பார்க்கவில்லை. அனிஷ் சீட்டின் பக்கத்தில் போய் நின்றான். வியர்வையைத் துடைத்தான். முன்னால் நின்ற ஆளின் தலைக்கு இந்தப் பக்கமாகவும் அந்தப் பக்கமாகவும் எட்டிப் பார்த்தான்.

கண்டக்டர் வந்தார். "எங்க தம்பி?"

ஜெரிஷ் தொண்டையைச் செருமினான். பைய, முன்சீட்டுக்குக் கேட்காத குரலில் சொன்னான்.

"களியக்காவிளை ஒண்ணு."

கடை தக்கலையில், டிக்கெட் லிஜாவின் வீடு வரைக்கும். நான் அனிஷைப் பார்த்தேன். பதிலுக்குக் கேலி செய்ய ஜில்லாவில் எவனுக்கும் கிடைக்காத சந்தர்ப்பம் அவனுக்குக் கிடைத்திருந்தது. அவன் எழுந்து நின்று ஜெரிஷை உள்ளே தள்ளி, பிறகு என்ன நினைத்தானோ, மறுபடி வெளியே இழுத்து, முன்சீட் மறைக்காமல் தெரிகிற நடைவழி ஓரத்தை அவனுக்குக் கொடுத்துவிட்டுத் தான் ஜன்னலோரம் போய் இருந்தான்.